குடிக்காத அப்பாவுக்குக் கட்டிய கயிறு

அப்பா,

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காதுவலி. நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சுகிறார்கள். அந்த வாசனை வந்ததும் தைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் வலது காதில் அம்மா மாதக்கணக்கில் ஊற்றியது அதைத்தான். "உள்ள வண்டு கத்துற மாதிரியே கீது" என்பாய். தலையணையெல்லாம் எண்ணெய் ஆனது. வண்டு ஓயவில்லை.

தாம்பரம் பஸ்ஸில் நீ கண்டக்டர். வலப்பக்கமிருந்து டிக்கெட் கேட்டால் உனக்குக் கேட்காது. "இன்னா கண்டக்டரே, மாமியார் வூட்டு நெனப்பா?" என்று சிரிப்பார்கள். நீயும் சிரித்துவைப்பாய். பிறகு நடை தள்ளாடத் தொடங்கியது. டிரைவர் ஒருநாள் சொன்னார்: "வண்டி ஓடறப்ப எல்லாரும் ஆடுவாங்க மச்சான். நின்னப்புறமும் நீ ஆடிக்கினு கீறியே." அது போதுமாயிருந்தது, நீ குடிக்கிறாய் என்று ஊர் முடிவுகட்ட. டிப்போவில் ஊதச் சொன்னார்கள். வாசனை இல்லை. பாக்குப் போட்டு மறைக்கிறாய் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

குடியை விடுகிறவர்கள் அம்மன் கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். அம்மாவின் தம்பி உன்னையும் அழைத்துப் போனார். "குடிக்காதவன் எத்தடா வுடறது?" என்று கேட்டாய். "கட்டிக்கோ மாமா, டிப்போல காட்டலாம்" என்றார். அம்மா அழுதாள். நீ கையை நீட்டினாய். கயிற்றைப் பார்த்து வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதமே பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்தாய். இப்போது வெறும் குடிகாரன் இல்லை, சத்தியம் மீறியவன்.

அம்மா தையல் கம்பெனிக்குப் போனாள். உன்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமென்று என் ஒன்பதாம் வகுப்பு நின்றது. கேட்கிற காது இடப்பக்கம் என்பதால் அந்தப் பக்கமாகவே நடந்து வந்தேன்.

"ரெண்டு காதும் கேக்கலியா, ஒண்ணு மட்டுமா?" டாக்டர் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை யாரும் கேட்டதில்லை. அதிரும் இரும்புக் கவையைக் காதருகே வைத்தார். கண்ணை மூடி நடக்கச் சொன்னார். ஸ்கேன் எடுத்தபின் சொன்னார்: "உள்காதுலேருந்து மூளைக்குப் போற நரம்புல கட்டி. அபூர்வமா வர்றது. புத்துநோய் இல்ல. ஆனா பெருசாயிடுச்சு. சின்னதா இருக்கும்போதே வந்திருக்கணும்."

நீ வேறொன்று கேட்டாய். "குடிச்சா வருமா சார்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா."

கேட்டும் கேட்காதவன்போல் இடக்காதைத் திருப்பி, இன்னொரு முறை சொல்ல வைத்தாய்.

முகத்து நரம்போடு கட்டி ஒட்டியிருந்ததாம். முழுவதும் எடுக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பின் வலப்பக்க முகம் தொங்கிவிட்டது, கண் மூடவில்லை. "சத்தியத்த மீறினான்ல, அம்மன் வாயக் கோண வச்சுட்டா பாரு" என்று தெருவில் பேசினார்கள். சுவரைப் பார்த்தே உட்காரத் தொடங்கினாய். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறி உன்னைக் கொண்டுபோனது.

நீ போய் ஆறு வருஷமாகிறது. போன வாரம் அனகாபுத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "அப்பாவுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று மாப்பிள்ளையின் அம்மா என்னிடம்தான் கேட்டாள். "தலைக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "குடிதாங்க. குடிச்சே பூட்டாரு."

அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. "அதானா. எங்க வூட்லயும் அதே கததான். பரம்பர வியாதி எதனா இருக்குமோன்னு பயந்துட்டேன்." உடனே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர்கள் போனபின் அம்மாவிடம் கேட்டேன். "அவரு பூட்டாரு. நீ வாழணுமில்ல" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

தை மாதம் கல்யாணம். பாத்திரங்களோடு இந்தப் பொய்யையும் சேர்த்து அனுப்புகிறார்கள். போகிற வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று, தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகுகிறேன். என் அப்பா குடித்ததே இல்லை. உதடு அசைகிறது. சத்தம்தான் இன்னும் வரவில்லை.