புகை போட்ட ஆப்பிள் ஜூஸ்

மார்ச் 9, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். எங்கள் கல்யாண நாளன்று வர முடியாமல் போனதற்கு ஈடாக ஒரு பெட்டி கொண்டுவந்தார்கள். மிக்ஸி என்று நினைத்தேன். திறந்தால், நடுவில் ஓட்டை போட்ட ஒரு மர மூடி, ஓட்டைக்குள் டீ வடிகட்டி மாதிரிச் சின்ன வலை, நாலு தகர டப்பாக்களில் மரச்சீவல், கைக்கு அடக்கமாக ஒரு கேஸ் டார்ச். "குடிக்கிற ஜூஸுக்குப் புகை போடறது அத்தை" என்றார் மாப்பிள்ளை. கொசுவுக்குத்தான் புகை போடுவார்கள் என்று இத்தனை வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் மேலே ஒரு படம். கனமான கண்ணாடி டம்ளர், அதில் பெரிய ஐஸ் கட்டி, பொன்னிறமாக ஏதோ. அது என்ன 'ஏதோ' என்று எனக்கா தெரியாது? மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே. கல்யாணம் பேசின சமயத்தில், "எங்க வீட்டுக்காரருக்கு அல்சர், அதனால குடியைத் தொடவே மாட்டார்" என்று அவர்கள் வீட்டில் சொன்னது நான். "குடிச்சேன், விட்டுட்டேன்னு சொல்லிடலாமே, அதுல என்ன?" என்று இவர் அப்போதே கேட்டார். நான்தான் விடவில்லை. அதன் பலன், சம்பந்தியம்மா போன் செய்யும்போதெல்லாம் வயிற்றுப் புண்ணுக்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறார். நானும் பக்தியோடு 'ம்' கொட்டுகிறேன்.

"நாலு பேரும் சேர்ந்து செய்யணும் மாமா. அதுதான் பரிசே" என்றார் மாப்பிள்ளை. அதற்கு ஒரு சட்டமும் போட்டார். யாரும் தனக்கென்று செய்துகொள்ளக் கூடாது. ஒருவர் செய்வதை இன்னொருவர்தான் குடிக்க வேண்டும், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, என்ன மரத்தின் புகை என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே.

முதலில் எலுமிச்சைச் சாறு. மகள் இவருக்கென்று செய்தாள். டம்ளர் மேல் மூடியை வைத்து, வலையில் ஒரு சிட்டிகை சீவலைப் போட்டு, டார்ச்சைக் காட்டினாள். புகை மேலே போகாமல் கீழே இறங்கி டம்ளருக்குள் பால் மாதிரி நின்றது. "ஐயோ, அல்சருக்கு எலுமிச்சை ஆகாதே!" என்று மாப்பிள்ளை பதறினார். இவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். செர்ரி மரம் பரவாயில்லை. ஆப்பிள் மரம் பரவாயில்லை. நாலாவது, ஓக். மூடியைத் திறந்த கையோடு மூடிவிட்டேன். அந்தச் சரக்கை ஊற வைக்கிற பீப்பாய் இந்த மரம்தானாம். அந்தக் காலத்தில் இவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே நுழைந்த வாசனை.

டப்பாவைத் தையல் மெஷின் இழுப்பறையில், வெட்டுத் துணிக்கு அடியில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் ஒரு கருவியைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? இரண்டே ஞாயிறில் மாப்பிள்ளைக்கே பாடம் எடுக்கிறார். "டம்ளர் சில்லுனு இருக்கணும், உள்ள லேசா ஈரமும் இருக்கணும். அப்பத்தான் புகை ஒட்டும். காஞ்ச டம்ளர்ல நிக்காது." மாப்பிள்ளை அதைக் கைபேசியில் குறித்துக்கொள்கிறார்! இவர் சொல்லி யாராவது குறித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

இன்று எனக்குச் செய்தது மகள். டார்ச்சைக் காட்டினவள் எடுக்க மறந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். "என்ன மரம்மா?" "தீப்பிடிச்ச மேஜை" என்றேன். இவர் சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத வேண்டும். குடித்த காலத்தில் இவர் சத்தமாகச் சிரிப்பார். விட்டபோது சிரிப்பையும் சேர்த்தே விட்டுவிட்டார். வீடு அமைதியாக இருக்கிறதே, அது போதும் என்று நானும் இருந்துவிட்டேன். இன்று அதே சிரிப்பு, வெறும் திராட்சைச் சாற்றில்.

சந்தோஷம்தான். அப்புறம் எதற்கு, அவர்கள் கிளம்பின பிறகு, ஒவ்வொரு டம்ளராக மோந்து பார்த்துவிட்டுக் கழுவினேன்?

ஏப்ரல் 2, புதன்

ஐஸுக்கென்று தனி அச்சு வாங்கி வந்திருக்கிறார். பெட்டிப் படத்தில் இருந்த அதே பெரிய கட்டி. எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

தனியாக இருந்தபோது கேட்டே விட்டேன். "இதையெல்லாம் செய்யறப்ப, நிஜத்தையே ஊத்திப் பார்க்கலாம்னு தோணாதா?"

"தோணும்" என்றார். "ஏன் தோணாது? தோணறப்ப எந்திரிச்சுப் போய் டீ போட்டுக் குடிக்கிறேன். நீ பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். டீப்பைத்தியம் என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். மனிதர் இவ்வளவு நேராகச் சொன்னாரே, அதோடு விட்டேனா? அவர் குளிக்கப் போனதும் வேலைப் பையைக் குடைந்தேன். ஸ்பானர், கிரீஸ் துணி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. பையை இருந்த மாதிரியே மூடிவைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முடியல. இன்னிக்கு எழுத முடியல.

ஏப்ரல் 28, திங்கள்

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

நேற்று சம்பந்தி வீட்டார் முதல்முறையாக இந்தப் புகை விளையாட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். இடுப்பு ஒடிந்திருந்தது. படியேறும்போதே இவருடைய சிரிப்பு. கதவு சாத்தவில்லை. உள்ளே கால் வைத்ததும் அந்த வாசனை. அதேதான். சந்தேகமே இல்லை.

இவர் நடுக்கூடத்தில் நிற்கிறார். கண் இரண்டும் சிவப்பு. கையில் கனமான டம்ளர், பொன்னிறம், பெரிய ஐஸ் கட்டி. என்னைப் பார்த்ததும், "வா வா, உனக்காகத்தான்…" என்று டம்ளரை ஆட்டிக்கொண்டே வந்தார்.

நான் பிடுங்கினேன். நேரே சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். ஐஸ் கட்டி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி நின்று கத்தினேன். "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? சம்பந்தி முன்னாடியே ஆரம்பிச்சாச்சா? நான் பட்டது போதாதா? தெருவுல விழுந்து கெடந்த ஆளைத் தூக்கிட்டு வந்தேனே, போதாதா?"

நான் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை நானே நடுவீட்டில் போட்டு உடைத்திருந்தேன்.

மகள்தான் வாயைத் திறந்தாள். "அம்மா, அது ஆப்பிள் ஜூஸ். கொஞ்சம் பால் விடாத டீ கலந்தது. அப்பா உனக்குச் செஞ்சது."

நாலாவது டப்பாவைக் காணோமே என்று மாப்பிள்ளை வேறு ஓக் வாங்கி வந்திருக்கிறார். அது கொஞ்சம் கரடுமுரடான மரம், சரியாக வராமல் இவர் நாலு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். கண் சிவந்தது அந்தப் புகையில்.

இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தியைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "அவ சொன்னது நெஜம். எனக்கு அல்சர் இல்லை. நான் குடிச்சவன்" என்றார். பிறகு தொட்டியிலிருந்த ஐஸ் கட்டியை எடுத்து வெளியே போட்டார். டார்ச்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

மே 1, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ சந்தேகப்பட்டது தப்பில்லை. நான் அப்படி வாழ்ந்தவன்தான். ஆனா கொட்டறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுப் பார்த்திருக்கலாம்ல?"

ஒரு வாய். அவ்வளவுதானே கேட்டிருக்கிறார் மனிதர்.

மே 4, ஞாயிறு

யாரும் வரவில்லை. இவர் பெட்டியைக் கட்டி மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "இங்க வேண்டாம், உனக்குக் கஷ்டம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மே 11, ஞாயிறு

மகள் போன் செய்தாள். சம்பந்தி என்ன சொன்னாராம் தெரியுமா? "விட்டுட்ட மனுஷன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கையைப் பிடிச்சுக் குலுக்கியிருப்பேனே. இல்லாத புண்ணுக்கு இவ்வளவு நாள் வைத்தியம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்!" என்றாராம். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். அடுத்த ஞாயிறு மகள் வீட்டுக்கு இவரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள், புகை போடச் சொல்லித் தரவேண்டுமாம்.

அப்படியானால் நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? அவர் மானத்தையா? என் மானத்தைத்தான். குடிகாரன் பெண்டாட்டி என்று என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது. அவர் விட்டதை ஒருவர்கூடப் பாராட்ட வழியில்லாமல் அடைத்து வைத்தது நான்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். மகள் கொஞ்சம் இழுத்தாள். "அப்பா கொஞ்ச நாள் தனியா வரட்டும்மா. நீ இருந்தா அவர் உன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பார்."

மே 18, ஞாயிறு

இழுப்பறையிலிருந்து ஓக் டப்பாவை எடுத்து இவர் கையில் கொடுத்தேன். "நான்தான் ஒளிச்சு வெச்சேன்." வாங்கிப் பார்த்தார். "தெரியும்" என்றார். பித்தான் தேடியபோது பார்த்தாராம், முதல் மாதமே. எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

மே 25, ஞாயிறு

இவர் மகள் வீட்டில். நான் ஜன்னல் துடைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று இவர் வருகிற நேரம் பார்த்து வாசலில் நின்று வரவேற்கலாம் என்று தோன்றியது. ஆப்பிள் ஜூஸ் வாங்கி வைத்திருந்தேன். 'பெட்டியைத் திரும்ப எடுத்துட்டு வந்து, எனக்கு மறுபடியும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா' என்று கேட்பதற்கு வாக்கியத்தைக்கூட மனசுக்குள் சரி பார்த்துக்கொண்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். கீழே அவர் செருப்புச் சத்தம் கேட்டது. படியேறவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி கழுவுகிற குழாயடியில் குனிந்து நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. பிறகு முகம் கழுவினார். சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தார். மறுபடியும் ஒரு தடவை கொப்பளித்தார்.

வெறும் மரப்புகை வாசனையைப் போக்க இத்தனை பாடு. குடித்த காலத்தில்கூட இவர் இப்படிச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை.

கதவருகே வந்து தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் திறந்தேன், நான் பார்த்தது தெரியக் கூடாதே. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்க நினைத்தது வாயில் வரவில்லை.

தலையை மட்டும் ஆட்டினார். என்னைத் தாண்டி உள்ளே போகும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்.