வெள்ளியில் ஒரு குண்டிக்காய்

மடத்துவெளி,
புங்குடுதீவு.
14.8.1979

அன்பு மகள் சத்தியபாமாவுக்கு,

உன் ஐயாவின் தம்பியும், அவர் கண்மூடிய நாளிலிருந்து உன்னை வளர்த்தெடுத்தவனும், ஏழு தீவுக்கும் புளுகுச் சக்கரவர்த்தியுமாகிய குஞ்சியப்பு ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் குஞ்சியம்மாவும் மாடு கன்றுகளும் நயினை அம்பாள் புண்ணியத்தில் சுகம், சுகமில்லாதது என் நெஞ்சு ஒன்றுதான். அங்கே நீயும் மருமகனும் பேரன் செந்தூரனும் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அதற்கு நீ எழுதிய மறுமொழி என் விலாசத்துக்கு வரவில்லை, குஞ்சியம்மாவுக்கென்று பக்கத்து வளவு யோகம்மாவின் விலாசத்துக்கு வந்திருக்கிறது. இனி நான் சொல்லப்போவது உலகத்தில் ஒரு சீவனும் நம்பாத கதை, நீயும் நம்ப மாட்டாய், இது அம்பாள் மேல் சத்தியம்.

போன மாதம் சந்தைக்குப் போன என்னைத் தம்பிராசாப் பத்தர் பட்டறைக்குள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். அந்தக் கதிரையில் இதுவரை கலியாணத்துக்கு நகை செய்விக்க வந்தவர்கள்தான் இருந்திருக்கிறார்கள். மனிசர் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, மனிசன்ரை குண்டிக்காய் ஆட்டின்ரை மாதிரியோ, வேறை மாதிரியோ? அம்பாளுக்கு நேர்த்தியாம், வெள்ளியிலை அடிக்கச் சொல்லி உங்கடை வீட்டு அக்கா தந்திட்டுப் போனவ, நான் தாலிக்கொடி அடிச்சிருக்கிறன், இது அடிச்சதில்லை" என்று கேட்டார். ஆருக்கு என்று நான் திருப்பிக் கேட்டால் என் வீட்டு நடப்பு எனக்கே தெரியாது என்றாகிவிடும், ஆகையால் ஆயிரம் குண்டிக்காய் கண்ட பெரிய டொக்டர் போலக் காலுக்கு மேல் கால் போட்டு, மரமுந்திரிக் கொட்டை மாதிரி, உள்ளுக்குக் கொஞ்சம் வளைவு என்று விளங்கப்படுத்தினேன். அப்போதுதான் அவர், இடப்பக்கத்துக் காய் என்று அக்கா சொன்னவ, லண்டனில் உங்கள் பேரனுக்குப் பிறக்கும்போதே அது வீங்கியிருந்ததாம், யோசிக்காதேங்கோ அண்ணை என்றார். அப்படித்தான் பிள்ளை, என் பேரனுடைய வருத்தத்தை நான் பத்தர் வாயால் அறிந்தேன். எழும்பிய எனக்குப் பட்டறை வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

வீட்டில் கேட்டவுடன் குஞ்சியம்மா அழுதுகொண்டு அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே இருந்த உன் மூன்று கடிதங்களையும் எடுத்துத் தந்தா. குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்ததும், டொக்டர் வயிற்றைத் தடவி இடப்பக்கத்தில் கட்டி மாதிரி ஒன்றைக் கண்டதும், படம் பிடித்துப் பார்த்தபோது குண்டிக்காயிலிருந்து சிறுநீர் இறங்கும் வழி பிறவியிலேயே ஒடுங்கிப்போய் நீர் தேங்கி வீங்கியிருப்பது தெரிந்ததும், பிள்ளை இன்னும் நிறை வைத்தால் ஒடுங்கிய இடத்தை வெட்டிப் பொருத்தலாம் என்றதும் எல்லாம் வாசித்தேன். மூன்றாம் கடிதத்தின் அடியில் குஞ்சியப்புவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, விடிய முதல் நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் தெரிஞ்சிடும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை ஏழு தரம் வாசித்தேன். நீ லண்டனில் இறங்கிய நாள் அரண்மனைக் கார் வந்து உன்னை ஏற்றிப் போனது என்று சந்தியில் நின்று சொன்னவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன், உன் சோதனைத் தாளைத் திருத்தியவர் மயங்கி விழுந்தார் என்றதும் நான்தான். ஆனால் நான் புளுகினதெல்லாம் உன்னைப் பெரிசாக்கத்தானே பிள்ளை, ஒரு நாளாவது உன்னைச் சிறிசாக்கப் புளுகினனானோ? பெற்ற தகப்பனாய் இருந்தால் எழுதியிருப்பாள் என்று ஒரு நினைவு வருகிறது, அடித்துத் துரத்தினாலும் வாசலில் வந்து படுத்துக்கொள்கிறது. குஞ்சியம்மாவோடு கோபித்து மூன்று நாள் குசினிப் பக்கம் போகவில்லை, நாலாம் நாள் எனக்கு உயிரான ஒடியற்கூழ் காய்ச்சிப்போட்டா, அது வேறு துரோகம்.

வெள்ளிக் காயைக் கொண்டுபோய் அம்பாளிடம் சேர்த்தது நான்தான். குறிகட்டுவான் துறையில் வள்ளம் வெளிக்கிட்டதும் கடல் பனை உயரத்துக்கு எழும்பியது, திருக்கைகள் சோடி சோடியாக வந்து வள்ளத்தைத் தோளில் தூக்கின, என்னுடைய மடியைக் கண்டதும் அலை இரண்டு கையும் கூப்பி ஒதுங்கி நின்றது. வள்ளக்காரன் லியோன் மடியில் என்ன கட்டி வைச்சிருக்கிறியள் என்று கேட்டான், என் மரமுந்திரி இந்த முறை வெள்ளிக்காய் காய்த்திருக்கு, முதற்காய் அம்பாளுக்கு என்றேன். கூட வந்த மார்க்கண்டு விடவில்லை, அவனுக்கு, இது நான் வாங்கப்போகிற புதுத் தீவின் மாதிரி வடிவம் என்று சொன்னேன். வள்ளம் கவிழுமாப்போலச் சிரித்தார்கள், ஆழ்வாப்பிள்ளை திருந்த மாட்டான் என்றார்கள். சந்நிதியில் கும்பிட நின்றபோது எனக்கு ஒரு மந்திரமும் வரவில்லை, இடப்பக்கம், இடப்பக்கம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றனான்.

நீ வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி என்று குஞ்சியம்மா எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போடு, உன் டொக்டர் ஒருவரிலும் பிழையில்லை என்று சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய், அதைப் பிடித்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, நீ சாப்பிட்டால்தான் பிள்ளைக்குப் பால். மருமகனையும் திட்டாதே, அவனுக்கும் பயம் இருக்கும். ஒப்பிரேசன் திகதி தெரிந்தவுடன் எழுது, விலாசத்தில் என் பெயரை எழுது, நல்லதோ கெட்டதோ நான் பத்தரிடம் கேட்டறிய ஏலாது. உனக்கும் மருமகனுக்கும் செந்தூரனுக்கும் நயினை அம்பாள் பக்கத்தில் நிற்பா.

இப்படிக்கு,
கோபம் ஆறாத குஞ்சியப்பு,
வே. ஆழ்வாப்பிள்ளை

பி.கு: பனை உயரக் கடலும் திருக்கையும் புளுகு, அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. லியோனுக்கும் மார்க்கண்டுவுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை என்பது மட்டும் மெய். நான் அறிந்து இன்றைக்கு இருபத்தாறு நாள், இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் கடிதம் வருகிற வீட்டு யோகம்மாவுக்கே நான் அறிந்தது தெரியாது, வேலிக்கு அங்காலை நின்று பேரன் எப்படி அண்ணை என்று கேட்கிறா, சுகம் என்கிறேன்.