வயிற்றின் இடப்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

வெயில். மழையைக் கண்டு வாரக்கணக்காகிறது. செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து புகை வாடை.

காலையில் பை மாற்றினேன். கிறிஸ்மஸுக்கு முன் குடல் புற்றை அறுத்தெடுத்தபோது, குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டார்கள். மலம் அதன் வழியாகப் பைக்குள் இறங்கும். உள் உதடு மாதிரி ஈரச் சிவப்பு. பார்க்க இன்னும் பழகவில்லை.

குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவி ஸ்டெல்லா. "என்னாங்க, உள்ள இம்புட்டு நேரமா? நான் வரட்டா?"

"வேணாம்லா. நீ கெளம்பு, பேக்டரி பஸ் வந்துரும்."

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, நர்ஸம்மா, பை மாற்ற எங்கள் இருவருக்கும்தான் சொல்லிக்கொடுக்க வந்தார். மைலோ வாங்கிவரச் சொல்லி இவளை அனுப்பிவிட்டேன். இன்றுவரை இவள் இதைப் பார்த்ததில்லை. நான் படுப்பது ஹாலில்.

மத்தியானம் கஞ்சி, அவித்த முட்டை, தொட்டுக்கொள்ள சோயா கிச்சாப். முட்டை இனி வேண்டாம். வாயு.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். செர்டாங் மாதா கோவிலில் மாலைப் பூசை.

பிரசங்கம் முடித்து ஃபாதர் அமைதியாக உட்கார்ந்தார். அப்போது பார்த்து என் வயிற்றிலிருந்து சத்தம். நீளமாக. அடக்க வழியில்லை. முன் வரிசையில் ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா உடனே இருமினாள். இருமிக்கொண்டே இருந்தாள்.

காரில் கேட்டேன். "உன்ன இரும சொன்னேனா?"

"தொண்ட கரகரன்னு இருந்துச்சு."

"பொய் சொல்லாதலா."

ரோட்டோரம் ரமலான் பாசார், நோன்புச் சந்தைக் கூட்டம், வண்டி நகரவில்லை. நெற்றியில் சாம்பலோடு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று கீமோ. விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது. ஐஸ்பெட்டிக் கதவைத் தொட்டால் கரண்ட் அடித்த மாதிரி. பச்சைத் தண்ணீர் தொண்டையில் முள்.

கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லை. பையை வயிற்றில் ஒட்டும் தட்டில், குடல் நுனிக்கு வெட்டும் துளை கோணலாகிவிட்டது. அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

ரவி வந்தான், எண்ணெய் ஆலையில் என்னோடு வேலை பார்த்தவன். "எப்ப மச்சான் திரும்ப வர்ற?"

"ஜூன்ல குடல உள்ள வச்சு மூடிருவாங்க. அப்பறம்தான்."

வாழைப்பழம் கொடுத்தான். எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வாடை அடித்திருக்குமோ.

மார்ச் 8, சனி

கசிந்துவிட்டது. சட்டை, கைலி, மெத்தை எல்லாம். சுற்றிலும் தோல் வெந்த மாதிரி.

குளியலறை நாற்காலியில் உட்கார்ந்து புதுத் தட்டை வெட்டப் பார்த்தேன். கத்தரிக்கோல் கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. குனிய முடியவில்லை. துண்டால் பொத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டெல்லா தட்டவில்லை, கூப்பிடவுமில்லை. கதவடியில் அவள் கால் நிழல். நானே தாழ்ப்பாளை எடுத்தேன்.

வந்தாள். பார்த்தாள். முகம் மாறாமலிருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?"

"வெதுவெதுன்னு. சோப்பு வேணாம்."

துடைத்தாள். ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள்.

"வலிக்குதா?"

"தோலுதான் எரியுது. அந்த கொடலுக்கு வலி தெரியாது."

"இதுக்கா இத்தன நாளா கதவ சாத்துனீங்க?"

அழுதேன்.

பிறகு சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது. போய்ப் பார்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரி. ஸ்கேன் முடிவு. சின்ன வயது மலாய் டாக்டர், நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார். ஈரலில் புள்ளிகள். மருந்து மாற்றவேண்டும். குடலை மூடும் ஆபரேஷன் இனி கிடையாது.

"ஜூன்லகூட இல்லியா?" என்று மலாயில் கேட்டேன். கேட்டது அது ஒன்றுதான். ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்தபிறகே உறைத்தது.

ஸ்டெல்லா மிஸ்ஸியிடம் புண்ணுக்குப் பவுடர் வாங்கினாள்.

"வாங்க, சாப்ட்டுட்டு போவோம்."

"பசிக்கல."

"எனக்கும்தான். ஆனா சாப்பிடணும்லா."

மார்ச் 11, செவ்வாய்

தூறல் மட்டும். புழுக்கம் கூடிவிட்டது.

ஜொகூரிலிருந்து மகன் போன். "பா, ஸ்கேன் என்னா சொன்னாங்க?"

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். தலையசைத்தாள். சொல் என்றா, வேண்டாம் என்றா, புரியவில்லை.

"பை இருக்கட்டும்னுட்டாங்கடா."

"அவ்ளோதானே? ஓகேலா பா. நான் பயந்துட்டேன். ஈஸ்டருக்கு வரேன்." சிரித்தான்.

ஸ்டெல்லா போனை வாங்கி மழை, பஸ் டிக்கெட், கோழி விலை எல்லாம் பேசினாள். பேசி முடித்து போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"வரட்டும். நேர்ல சொல்லிக்கலாம்" என்றாள்.

"அதுக்குள்ள என்னைய பாத்தாலே தெரிஞ்சிரும்."

எழுந்து அடுப்பை அணைத்தாள். "தண்ணி சூடாயிருச்சு. வாங்க, பை மாத்திரலாம்."