கடைப் பலகையில் என் பேர்

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

இன்று கடையில் இருந்தவர்கள்: நான், என் மகன் சேகர், மருமகள் கவிதா, போர்டு செய்யும் அன்வர்.

எங்கள் செருப்புக் கடைக்குப் புதுப் பலகை வருகிறது. அன்வர் மாதிரித் தாளை விரித்தான். எழுத்தில் ஒரு கோடு கட்டைவிரல் தடிமன், அடுத்த கோடு நூல் மாதிரி, முனைகளில் சின்னச் சின்னப் பாதம். பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் மேலே பெரிசாக ‘சேகர் ஃபுட்வேர்’, அடியில் பொடியாக ‘முனியம்மா கடை’. ஆம்பூரில் இத்தனை வருஷமாக என் பேரைச் சொல்லித்தான் இந்தக் கடைக்கு வழி கேட்கிறார்கள்.

தாளை எதிர்ச்சாரியில் பிடிக்கச் சொன்னேன். சேகர் பேர் பளிச்சென்று தெரிந்தது. என் பேரில் நூல்கோடெல்லாம் மறைந்து, தடிக்கோடுகள் மட்டும் வேலிக் கம்பு மாதிரி நின்றன.

“இது பெருசா போட்ற எழுத்து ஆயா. சின்னதாக்குனா மெல்லிசு கோடு காணாம போய்டும்” என்றான் அன்வர்.

“அப்ப என் பேரப் பெருசா போடு.”

“அத்தைக்கு சினிமா போஸ்டர் ஆசை” என்று கவிதா சிரித்தாள்.

“மூணாங்கிளாஸ் படிச்ச உனக்கு எழுத்தப் பத்தி இன்னாமா தெரியும்?” என்றான் சேகர்.

வாரின் ஓரத்தை மெல்லிசாகச் சீவி, நடுவைத் தடியாக விட்டுச் செருப்பு தைத்த கை இது. எது தடி, எது மெல்லிசு என்று எனக்கா தெரியாது?

லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. “முனியம்மா கடை. மேல. இதே எழுத்துல” என்றேன். அன்வர் குறித்துக்கொண்டான்.

கவிதா சிரித்ததைப் பொறுத்துக்கொள்வேன். என்னால் மன்னிக்கவே முடியாத ஒருத்தன் பேரை மட்டும் இந்தப் பக்கத்தின் அடியில் பொடியாக எழுதி வைக்கிறேன்.

சேகர்.