தாஸின் கோல்

அன்புள்ள அண்ணை,

உங்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. புலம்பெயர்ந்து வந்து மில்லிக்கனில் ஒரே வீட்டில் நீங்கள் மேலேயும் நான் கீழேயுமாய் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் நினைவை முடித்து, மண்டபத்துக் கதிரைகளை அடுக்கிவிட்டு இப்போதுதான் வந்து இருந்தேன். உடம்பு அலுத்துப்போய்க் கிடக்கிறது.

முதலில் உங்களுக்குப் பிடித்த உதைபந்தாட்டக்காரன், அந்த வேல்ஸ்காரனின் செய்தி. வேறு கழகத்துக்குப் போனானே, அங்கே அவனை ஓரத்தில் விளையாட விடுகிறார்களாம். கோல் வருவது குறைந்துவிட்டது. பழைய கழகத்தின் கோல் சாதனையை அவன் முறியடித்தபோது, பிளாசாக் கடையில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள், ஞாபகமா? "உவனும் எங்களை மாதிரிச் சின்ன இடத்துக்காரன். உலகக் கிண்ணம் கிடைக்காது. ஆனா ஒவ்வொரு கோலும் அவனே அடிச்சது" என்றீர்கள். சொன்ன கையோடு உங்கள் முகம் வாடிப்போனது. ஏனென்று எனக்குத் தெரியும்.

ஊரில் நீங்கள் ஆடிய கடைசி இறுதியாட்டம். நீங்கள் அடித்த பந்து கோல்காப்பாளரின் கையில் பட்டுத் திரும்ப, உங்களோடு ஆடிய மரியதாஸ் ஓடிவந்து உள்ளே தட்டிவிட்டான். ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொன்னார்கள். அந்த ஒரு கோலால் எங்கள் ஊர்க் கழகத்தின் பழைய கோல் சாதனை முறிந்து உங்களுடையதாகிவிட்டது. "அது தாஸின்ரை கோல்" என்று இங்கே வந்த பிறகும் கோடைப் போட்டிகளில் சொல்லிக்கொண்டே திரிந்தீர்கள். யாராவது காதில் போட்டார்களா?

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் உங்கள் வாழ்க்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கழகச் செயலாளர் போன் எடுத்து, "சாதனையை முதல் பக்கத்திலை போடும். செத்த மனுசனை ஆரும் குறைச்சு எழுதுவினமோ?" என்றார். அண்ணியும், "பிள்ளையளுக்கு அப்பாவிலை ஒரு பெருமை இருக்கட்டுமேன், தம்பி" என்றா. உங்கள் சொல்லைக் கேட்பதா, அழுது களைத்த அண்ணியின் சொல்லைக் கேட்பதா?

வேலை முடிந்து மிசிசாகாவில் இருக்கும் தாஸின் வீட்டுக்குக் காரை விட்டேன். தாஸுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. உளைந்த இடுப்பு நாரியைப் பிடித்தபடிதான் கதவைத் திறந்தான்.

"அண்ணைக்கே இருக்கட்டும் மச்சான். எனக்கும் அவருக்கும் தெரியும், அது காணும்" என்றான். தேத்தண்ணி போட்டுத் தந்தான். நான் வெளிக்கிடும்போது வாசலில் நின்று, "அண்டைக்கு அம்மாவும் மட்ச் பாக்க வந்தவ. ஸ்பீக்கரிலை என்ரை பேர் வருமெண்டு சனம் கலையும் மட்டும் நிண்டவ" என்றான்.

அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் சொன்னபடியே எழுதினேன்: அந்தக் கோல் மரியதாஸுடையது, என் அண்ணர் பழைய சாதனையைச் சமன் செய்தார், முறியடிக்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவ சில நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மேலே நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கீழே கிடந்தேன், அண்ணை. நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கரைச்சல் எனக்கு வந்திருக்குமா?

இன்று கல்வெட்டின் முதல் பிரதியைப் பெரிய மாமா வாங்குவதாக ஏற்பாடு. அவர் எழும்பிக் கையையும் நீட்டிவிட்டார். அண்ணி அவரைத் தாண்டி, கடைசி வரிசையில் வேலை உடுப்போடு நின்ற தாஸிடம் போய்க் கொடுத்தா. "அவர் தரச் சொல்லியிருப்பார்" என்றா.

தாஸ் அந்தப் பக்கத்தை வாசித்தான். பிறகு என்னிடம் வந்து, "மச்சான், உந்த வரியை மைக்கிலை ஒருக்கா வாசிப்பியோ?" என்று கேட்டான். வாசித்தேன். அவனுடைய பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இனி எந்தக் கோடைப் போட்டியிலாவது யாரும் அந்தக் கோலை உங்கள் பெயரில் சொன்னால், எவ்வளவு களைத்திருந்தாலும் எழும்பிப் போய்த் திருத்துவேன். நீங்கள் சொல்லி அலுத்ததை இனி நான் சொல்கிறேன்.

பேஸ்மென்ரிலிருந்து,
உங்கள் தம்பி