முதலில் வண்டி, பிறகு தண்ணீர்

நயினார்கோவில்,
20.6.2006

அன்புள்ள மச்சானுக்கு,

சேதுலட்சுமி எழுதுவது. இங்கே நானும் நம் மகள் உமையாளும் சுகம். உங்கள் தண்ணீர் ஸ்கூட்டரும் சுகம். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை படிப்பீர்கள் என்று தெரியும். படித்துவிட்டு மேலே வாருங்கள். ஆமாம், ஓடிவிட்டது. நேற்று காலை அக்காள்மடத்தில், கடலில், படகுத் துறைக் கூத்தையா கண் முன்னாலேயே ஓடியது.

பாண்டியம்மாள் அக்கா வீட்டுப் போனில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மஸ்கட்டுக்குப் பேச ஆரம்பித்தாலே அங்கே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நான் செய்த கோளாறை அத்தனை பேர் காதிலும் போட மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வண்டி ஓடினால் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், ஓடாவிட்டால் ஜூலை பதினைந்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றீர்கள். வண்டியில் ஆட்களை ஏற்றிக் கடலைச் சுற்றிக்காட்டிப் பிழைக்க, கூத்தையாவும் தன் படகுத் துறையில் உங்களுக்கு இடம் தருவதாகச் சொன்னார். ஆனால் திங்கட்கிழமை வண்டியை ஓட்டிப் பார்ப்பாராம், ஓடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். நீங்கள் மஸ்கட் போனதிலிருந்து மூன்று வருடமாக மாட்டுக்கொட்டகையில் கிடந்த வண்டியை நம்பி என் குடும்பம் நிற்கிறது என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அக்காள்மடத்தில் படகு இன்ஜின் பார்க்கும் மீரா சாகிபு அண்ணன் பஸ் ஏறி வந்தார். தார்ப்பாயை எடுத்தால் உள்ளே எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. காற்று இழுக்கும் பெட்டி முழுக்க வைக்கோல். பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. பாட்டரி செத்துப்போய் உப்புப் பூத்திருந்தது. இன்ஜின் சுற்றவே இல்லை. அண்ணன் பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி ஊறவிட்டார். மறுநாள் கையால் சுற்றினால் அசைந்தது. கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்துக் கழுவினார். நான் பரமக்குடி போய்ப் புது பிளக்கும் பாட்டரியும் வாங்கி வந்தேன். வியாழக்கிழமை எல்லாம் பூட்டியாயிற்று. கீழக்கரையில் ஒரு கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டார்ட் செய்கிறேன், அதுவரை தொடாதே தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தொட்டேன். என் பொறுமைதான் உங்களுக்குத் தெரியுமே.

தரையில் வைத்து ஓட்டினால் இன்ஜின் சூடாகிவிடும், ஓஸ் பைப்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் போனில் சொல்லியிருந்தீர்கள். முதலில் ஸ்டார்ட் செய், பிறகு தண்ணீரைத் திற என்றும் சொன்னீர்கள். நீங்கள் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டதாக நான் நினைத்தேன். பத்து வயதிலிருந்து எங்கள் கிணற்று இன்ஜினை ஓட்டியவள் நான். பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றாமல் யாராவது ஸ்டார்ட் செய்வார்களா? எங்கள் அய்யா கேட்டால் அடிக்க வருவார். அதனால் வெள்ளிக்கிழமை காலை ஓஸைத் திறந்துவிட்டு, நன்றாக நிறையட்டும் என்று மாட்டுக்குக் கூளமும் போட்டுவிட்டு வந்து பொத்தானை அமுக்கினேன். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதன் பிறகு அசையவே இல்லை.

சனிக்கிழமை உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வண்டியை நான்தான் கெடுத்தேன், நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் என்ன கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று எழுதினேன். அதை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் முதல் வரி தவிர எல்லாம் பொய்.

ஞாயிற்றுக்கிழமை மீரா சாகிபு அண்ணன் வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு என்னைப் பொத்தானை அமுக்கச் சொன்னார். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் கல்யாண வேட்டியெல்லாம் நனைந்தது. சிரித்துக்கொண்டே, “ஏந்தங்கச்சி, ஒங்க கெணத்து மோட்டாரு மாதிரி இதுக்கும் ஊட்டிவிட்டியாக்கும்? இது மொத ஓடணும், பொறவுதேன் தண்ணி குடிக்கும். நிறுத்தையில தண்ணிய மொத அடைக்கணும். மாறிப்போச்சுன்னா புகை போற வழியா உள்ள ஏறிரும். நல்லவேள, ஒடனே பாத்தம். அல்லா காப்பாத்துனான்” என்றார். மறுபடி ஆயில், மறுபடி பிளக். மூன்றாவது தடவை புகை கக்கிக்கொண்டு பிடித்தது பாருங்கள், கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் அதைப் பிடிக்கக்கூடப் போகவில்லை.

நேற்று வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். கூத்தையா தானே ஏறி ஓட்டினார். கண்ணுக்குப் புள்ளியாகும் தூரம் போனதும் சத்தம் நின்றது. என் உயிரும் நின்றது. சும்மா நிறுத்திப் பார்த்தாராம், பாவி மனுசன். திரும்பி வந்து இறங்கியதும், “ஒம் புருசன வரச்சொல்லும்மா” என்றார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சேலை நனைந்தது பற்றி எனக்குக் கவலையே இல்லை. வண்டியை அவர் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

இனி ஒன்றுதான் பாக்கி. வண்டி வேனில் ஏறியதிலிருந்து உமையாள் முகம் சரியில்லை. வீட்டுக்கு வந்து காலியான கொட்டகையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். வண்டியை ஓட்ட அய்யா வருவாக என்றுதான் மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிச் சோறு ஊட்டினேன். இப்போது, “வண்டிதேன் போயிருச்சே, இனி அய்யா எதுக்கு வருவாக?” என்று கேட்கிறாள். நான் என்ன சொன்னாலும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நீங்களே நேரில் வந்து பதில் சொல்லுங்கள் மச்சான். எனக்கும் அதே பதில்தான் வேண்டும்.

உங்கள் வரவுக்காக நயினாரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,
சேதுலட்சுமி