அப்பாவின் அறைக்கு வந்த நீலக்கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் முறை மாற்றி மாற்றிப் போட்டாலும் தூக்கம் கெடாமல், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் 'சரிம்மா சரிம்மா' என்று வைத்துவிடுவாய், இது அப்படி வைத்துவிடக்கூடிய விஷயம் இல்லை. அதோடு, இரண்டு மாதமாக நான் இங்கே போட்ட கூத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன், அதை வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதினால் உன் சிரிப்பைக் கேட்க வேண்டியதில்லை பார்.

அப்பாவுக்காகப் பின்கட்டில் போடவேண்டிய அறைக்கு நீ நோட்டுத்தாளில் ஸ்கேல் வைத்து வரைந்து அனுப்பிய படம் இன்னும் கீழே தையல்கடைச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. கட்டிலைச் சுற்றி மூன்றடி இடம், சக்கர நாற்காலி திரும்பும் வட்டம், குளியலறைக் கதவின் அகலம், அவர் வலது கையால் பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லாவற்றுக்கும் மேல் முற்றமும் அறையும் தரையோடு தரையாக, ஒரு படிகூட இல்லாமல். துணி எடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் என் மகள் நர்ஸ், அவளே வரைந்தது என்று காட்டிக் காட்டி அந்தத் தாளின் மூலையே கிழிந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஊரெல்லாம் சுற்றிய மனுஷர், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்ததிலிருந்து பதினோரு மாதமாக மாடி ஜன்னல் வழியாகப் பஸ்களின் கூரையைத்தான் பார்க்கிறார். எந்தக் கூரையில் துரு ஏறியிருக்கிறது என்று எனக்குச் சொல்லுவார். அவரைக் கீழே கொண்டுவந்து, வாசலில் போகிற வருகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இந்த வருஷம் வேறு ஆசையே இல்லை.

அந்த நேரத்தில்தான் நகராட்சி புது வரைபடம் போட்டது. ஆறு எங்கேயோ பஸ் டிப்போவுக்குப் பின்னால் நாணல் முளைத்துக் கிடக்கிறது, அதில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே குறைவு. ஆனால் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், நாம் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு, ஒரு பெரிய வெள்ளம் வந்ததாம். அது எதுவரைக்கும் ஏறியதோ அதை ஒரு மட்டமாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே வரும் இடத்தையெல்லாம் மஞ்சளில் அடைத்துவிட்டார்கள். மஞ்சளில் இருப்பவர்கள் புதிதாக அறை கட்டினால், அந்த மட்டத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி உயர்த்தித்தான் தரை போட வேண்டும், அதற்குக் கீழே வண்டி நிறுத்தலாம், சாமான் போடலாம், மனிதர் படுக்கக் கூடாது. நம் விண்ணப்பம் ஒரே வரியில் திரும்பி வந்தது. நான் அதை உன் படத்துக்குப் பக்கத்திலேயே ஊசி குத்தி மாட்டிவிட்டு, அன்றைக்குத் தைத்த இரண்டு சட்டைக்கும் கையை மாற்றிப் பொருத்தினேன், அவ்வளவு கோபம்.

நகராட்சி சர்வேயர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், யோசிக்கும்போது உன்னைப்போலவே பேனா மூடியைக் கடிக்கிறாள். நம் தெருவில் வெள்ளத்துக்கு முன்பே கட்டிய வீடு ஏழு இருக்கிறது. அந்த ஏழிலும் சுவரின் பழைய பெயிண்டைச் சுரண்டி, தண்ணீர் நின்ற கறையைத் தேடி, அதன்மேல் ஒரு நீலக்கோடு போட்டுவிட்டுப் போயிருந்தாள். நம் வீடு பிறகு கட்டியது, அதனால் நமக்குக் கோடு இல்லை. கோடே இல்லாத வீட்டுக்குச் சட்டம் எப்படி வரும் என்று என் மண்டைக்குள் ஏறிவிட்டது. உடனே என்ன செய்தேன் தெரியுமா, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் போய் வாசல் தரையிலிருந்து நீலக்கோடு வரைக்கும் அளந்தேன். முனையில் இருக்கும் வெல்டிங் பட்டறை அண்ணன் வீட்டில் ஒன்றரை அடிக்கு ஒரு அங்குலம் மேலே. அடுத்த வீட்டில் இரண்டடி. நடுவில் மூன்றே கால். தெருக்கோடி வீட்டில் நான்கு அடி இரண்டு அங்குலம். வாடிக்கையாளர் மார்பளவு இடுப்பளவு எழுதும் அதே நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு தெரு, ஒரு தண்ணீர், ஏழு உயரம். பொய் கையும் களவுமாக அகப்பட்டது என்று நான் அடைந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த வரைபடத்தை எதிர்த்து மனு எழுதி நாற்பத்துமூன்று கையெழுத்து வாங்கினேன். ஆட்சேபணை கேட்கும் நாளில் நகராட்சி அறையில் உட்கார இடமில்லை, சுவரில் குத்தியிருந்த அந்த வரைபடம் மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நோட்டைப் பிரித்து ஏழு அளவையும் சத்தமாக வாசித்தேன். 'ஒரே தண்ணி ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு உயரத்துல நிக்குமா? தண்ணிக்கு நீங்க என்ன சின்னச் சைசு பெரிய சைசுன்னா தைச்சு வச்சிருக்கீங்க?' என்று கேட்டேன். கைதட்டல் நிற்கவே இல்லை. பட்டறை அண்ணன் விசிலே அடித்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் கோபப்படவில்லை, என் நோட்டை வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள், மூடியைக் கடித்தாள், 'நல்லா அளந்திருக்கீங்கம்மா, எல்லாமே சரியான அளவுதான். நாளைக்குக் காலைல உங்க தெருவுக்கு வரட்டுமா?' என்றாள். தோற்றுவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவள் கொண்டுவந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கருவி இல்லை, ஒரு இயந்திரம் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் நீளமான பிளாஸ்டிக் குழாய், ஒரு வாளித் தண்ணீர், அதில் துணிக்குப் போடும் நீலம் இரண்டு சொட்டு. கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதேதான். குழாயில் தண்ணீரை ஏற்றி, உள்ளே நிற்கும் காற்றுக் குமிழ்களை விரலால் சுண்டிச் சுண்டி வெளியே தள்ளினாள். பிறகு ஒரு முனையைப் பட்டறை அண்ணன் வீட்டு நீலக்கோட்டில் வைத்துத் தான் பிடித்துக்கொண்டாள், மறு முனையை என் கையில் கொடுத்து அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னாள். குழாய்க்குள் தண்ணீர் ஏறியது, இறங்கியது, என்னவோ யோசிப்பதுபோல மெல்ல ஆடியது, பிறகு நின்றது. நின்ற இடம் அந்த வீட்டின் கோடு. ஒரு நூல்கூட மேலே கீழே இல்லை. நான் கையை ஆட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி பிடித்தேன், மறுபடியும் ஆடிவிட்டு அதே இடத்தில் வந்து நின்றது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெருக்கோடி வரைக்கும் போனோம். ஏழு வீட்டிலும் தண்ணீர் தானாகவே தான் நின்ற இடத்தைக் காட்டியது. ஏறி இறங்கி இருந்ததெல்லாம் வாசல்கள்தான். இந்தத் தெரு இவ்வளவு சரிகிறது என்று இருபத்திரண்டு வருஷமாக இதில் நடக்கிற எனக்குத் தெரியவில்லை. தரை என்றால் தரைதானே என்று நம்பி அதிலிருந்து அளந்தேன். பாவாடையின் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து அளந்து பழகிய கை, வேறு என்ன செய்யும்.

என்ன சொல்வது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு குவளைத் தண்ணீர் இருக்குமா அந்தக் குழாயில்? முப்பத்தொரு வருஷத்துக்கு முன் வந்த அத்தனை பெரிய தண்ணீர் எங்கே நின்றது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு ஞாபகம் ஒன்றும் இல்லை, மட்டம் மட்டும்தான் தெரியும் என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள். எனக்கு அது இன்னும் பெரிய ஆச்சரியமாகப் பட்டது. மனு போட்டு, கைதட்டி, விசிலடித்து நாங்கள் நாற்பத்துமூன்று பேர் சேர்ந்தும் அதை ஒரு நூல் அளவு அசைக்க முடியாது.

பிறகு நானேதான் கேட்டேன், நம் பின்கட்டில் பிடித்துக் காட்டு என்று. அன்றைக்கு அப்பாவைக் கீழே கொண்டுவந்திருந்தோம், பட்டறை அண்ணனும் நம் அறைக்குப் பேசி வைத்திருந்த கொத்தனாரும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். என்னை மெச்ச ஒரு ஆள் வேண்டுமே, நான் ஜெயிப்பதை அவர் நேரில் பார்க்கட்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். நீ படத்தில் கட்டில் போட்டிருந்த அதே இடத்தில், நாம் அறை கட்டப்போகும் அதே தரையில் கட்டிலைப் போட்டு, வெயில் படாமல் படுக்க வைத்திருந்தேன். ஒரு முனையைத் தெருவில் ஒரு நீலக்கோட்டில் கொத்தனார் பிடித்துக்கொள்ள, சந்து வழியாகக் குழாயை இழுத்து வந்து, மறு முனையை நான் சுவரோடு பிடித்தேன். இந்தச் சுவரில் கோடு கிடையாது, தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அது ஏறிக்கொண்டே போனது. கட்டில் காலைத் தாண்டியது. மெத்தையைத் தாண்டியது. தலையணையைத் தாண்டியது. போதும் நில் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கு மேல் ஒரு முழு அடி உயரத்தில் போய் ஆடிவிட்டு நின்றது. அந்தப் பெண் சட்டைப்பையில் தேடினாள், அவளுடைய சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்தது. என் நீலத் தையல் சாக்கை வாங்கித்தான் சுவரில் கோடு போட்டாள். முற்றத்திலிருந்து மூன்றடி ஐந்து அங்குலம்.

அப்பா படுத்தபடியே அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தார். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது உனக்குத் தெரியுமே, 'என்னைய... மீன்தொட்டில... படுக்கப்போடத்தான்... இவ்வளவு அவசரமா?' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் குழாயைத் தாழ்த்திவிட்டேன், அதிலிருந்த தண்ணீர் என் மேலேயே கொட்டியது. எழுந்து ஓட முடியாத மனுஷரை நான் எங்கே படுக்க வைக்கப் பார்த்தேன் பாப்பா. அதற்காக எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அடுத்த முறை கூடியபோது நானே எழுந்து ஆட்சேபணையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பட்டறை அண்ணன் முறைத்துக்கொண்டார், 'முப்பது வருஷமா வராத தண்ணி இனிமே எங்க வரப்போகுது' என்றார். 'வராம இருந்தா நல்லதுதாண்ணே, வந்தா எங்க நிக்கும்னு உங்க சுவத்துலயே எழுதியிருக்கே' என்றேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் நேற்றுப் பட்டறையில் தரையில் கிடந்த வெல்டிங் மிஷினைத் தூக்கி உயரமாகக் கம்பி மேடை ஒன்று செய்து அதன்மேல் வைத்திருக்கிறார். நான் பார்க்காததுபோல வந்துவிட்டேன்.

அறை கட்டாமல் விடப்போவதில்லை. அதனால் நீ புதுப் படம் வரைய வேண்டும். தரை முற்றத்திலிருந்து நான்கு அடி பதினோரு அங்குலம், கீழே தூண்கள் மட்டும், சுவர் வைக்கக் கூடாது. நாற்காலி ஏற ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டுமாம், அப்படியானால் ஏறத்தாழ அறுபது அடி. முற்றம் அவ்வளவு நீளம் இல்லை, இரண்டு முறை திருப்பித்தான் கொண்டுபோக வேண்டும், திருப்பத்தில் நாற்காலி நின்று மூச்சுவாங்க இடம் விடு. சரிவுக்கு அடியிலும் தூண் வைத்துத் தண்ணீருக்கு வழி விட்டால் அனுமதி தரலாம் என்று சர்வேயர் பெண் சொல்லியிருக்கிறாள். அறுபது அடி என்றதும் அப்பா, மூன்றாவது கியர் போடலாம் என்கிறார்.

இனிமேல்தான் நான் இந்தக் கடிதம் எழுதிய காரணம். போன மாதம் புது வாடகை அறையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய், ஏழு படி கீழே இறங்கிப் போக வேண்டும், ஜன்னலில் பார்த்தால் போகிறவர்களின் செருப்பும் நாய்களின் காலும்தான் தெரியும், செருப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த ஊரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன் என்றும் நீயே சொல்லியிருக்கிறாய். தெருத்தரை உன் கண் உயரத்தில் இருக்கிறது என்றால், நீ படுக்கும் இடம் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் எண்ணிப் பார். வீட்டுக்காரரிடம் கேட்காதே, அவர் ஒன்றும் வராது என்றுதான் சொல்லுவார். அந்த ஊர் நகராட்சியில் போய்க் கேள், அங்கேயும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஒருத்தி இருப்பாள். அவள் மட்டத்தைக் காட்டினால் என்னைப்போல டேப்பை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதே.

உன் கை பட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும், நல்ல மனிதர்கள் உனக்கு அமையட்டும், நினைத்த வீடு நினைத்த உயரத்தில் உனக்குக் கிடைக்கட்டும். குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு போ. நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா இப்போது தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார், வார்த்தை வர வெகுநேரம் ஆனது, நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். 'அவளை... மேல... ஏறி வந்துடச் சொல்லு.'

இப்படிக்கு,
தண்ணீரிடம் தோற்றுப்போன சந்தோஷத்தில்,
உன் அம்மா
(அப்பாவின் வலது கைக் கையெழுத்தும் கீழே இருக்கிறது, கோணலாக இருந்தாலும் அவரே போட்டது)